பல்லெண்ணிய படலம்

அமெரிக்காவுக்குப் போய் வந்தவர்கள் எழுதுவதற்கு விஷயப் பஞ்சம் கிடையாது. நயாகரா நீர்வீழ்ச்சி இருக்கிறது. நியூயார்க் நகரத்து மாட மாளிகைகள் இருக்கின்றன. நாமோ கோடை விடுமுறையின் பெரும் பகுதியை யூட்டா மாநிலத்தில், ஒரு மோட்டார்க் கொட்டகைக்குள், பல்சக்கரங்களின் பற்களை எண்ணுவதில் கழித்துவிட்டுத் திரும்பினோம். பள்ளிக்கூட வாத்தியாருக்கு வேறென்ன தெரியும் என்று வாசகர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படிக்கும்படி வேண்டிக் கொள்கிறோம்.

நம் தம்பி குடியிருப்பது பிரோவோ என்னும் ஊரில். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,500 அடி உயரம். கிழக்கே வாசாட்ச் மலைத் தொடர். மேற்கே யூட்டா ஏரி. வடக்கே 11,700 அடிக்கு மேல் எழுந்து நிற்கும் டிம்பனோகஸ் சிகரத்தில், ஜூன் மாதத்திலும் பனி படிந்திருந்தது. கிழக்கில் மலையாதலால் சூரியன் அந்த ஊருக்குச் சற்றுத் தாமதமாகவே வருகிறான்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் தம்பி நம்மைச் சால்ட் லேக் நகரத்துக்கு அழைத்துச் சென்றான். 1847-ஆம் வருஷம் மார்மன் சமயத்தினர் பாலைவனங்களைக் கடந்து வந்து உண்டாக்கிய நகரம் அது. 1867-ல் திறக்கப்பட்ட அவர்களுடைய டாபர்னாக்கிள் மண்டபம் 250 அடி நீளமும் 150 அடி அகலமும் உள்ளது. அவ்வளவு பெரிய கூரையை நடுவில் தாங்க ஒரு தூண்கூட இல்லை. உத்தரங்களை மர ஆணிகளால் பிணைத்து, மரம் பிளந்த இடங்களில் பச்சைத் தோலை ஈரமாகச் சுற்றியிருக்கிறார்கள். தோல் உலர்ந்ததும் இறுகிப் பிடித்துக் கொண்டதாம். அவர்களுக்கு எளிதில் கிடைத்த மரம் பைன். அதைக் கொண்டே ஆசனங்கள் செய்து, ஓக் மரத்தின் ரேகைகளைத் தூரிகையால் தீட்டி வைத்தார்கள். இல்லாத மரத்தை எண்ணி ஏங்காமல் இருக்கிற மரத்தைக் கொண்டு காரியம் பார்த்த அந்தச் சாமர்த்தியம் நம் மனத்தில் பதிந்தது. அது பின்னால் உதவப் போகிறதென்று அப்போது தெரியாது.

வீடு திரும்பியதும் தம்பி கொட்டகையைத் திறந்தான். அங்கே நம் தகப்பனாருடைய எழுத்து மேஜை மூன்று காலில் நின்றது! கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில், பெயர் மறந்து போன ஒரு தச்சர் தேக்கு மரத்தில் செய்த மேஜை அது. அதன் கால்கள் முறுக்கிய கயிறு போல் இரட்டைப் புரியாக ஏறும். சிறு பிராயத்தில் அதன் அடியில் உட்கார்ந்து, புரியின் பள்ளத்தில் விரலை வைத்து மேலே ஓட்டிக்கொண்டே நாமும் தம்பியும் வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறோம். தகப்பனார் காலமான பிறகு தம்பி அதைக் கப்பலில் வரவழைத்தான். வழியில் ஒரு கால் சிதறிவிட்டது.

"அண்ணா, இதைச் செய்யத்தான் அந்த யந்திரத்தை வாங்கினேன். இரண்டு மாதமாகத் திண்டாடுகிறேன். பாழானது ஐந்து கட்டை" என்றான் தம்பி.

மூலையில் இருந்தது அலங்கார மரக் கடைசல் யந்திரம். காலஞ்சென்ற ஒரு தச்சரின் வீட்டாரிடம் பழைய விலைக்கு வாங்கியது. எந்த எண்ணிக்கைக்கு எந்தச் சக்கரம் என்று காட்டும் அட்டவணை மட்டும் தொலைந்து போயிருந்தது.

இவ்வகைக் கடைசலுக்குப் பெரிய வம்சம் உண்டு. ஐரோப்பாவில் மன்னர்களும் பிரபுக்களும் பொழுதுபோக்காகப் பயின்ற வித்தை இது. 1701-ல் சார்ல்ஸ் ப்ளூமியர் என்ற பிரெஞ்சுத் துறவி கடைசற் கலைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவர் தாவர சாஸ்திரியும் ஆவார். நம் கோயில்களில் பூத்துச் சொரியும் ஈழத்தலரிக்கு 'ப்ளூமேரியா' என்ற சாஸ்திரப் பெயர் அவரை முன்னிட்டே வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் தொழில் தொடங்கிய ஹோல்ட்ஸாப்பெல் குடும்பத்தார், இதற்கான யந்திரங்களில் ஈடில்லாதவர்கள் என்று பெயர் பெற்றார்கள். தம்பியின் யந்திரம் அந்த வம்சத்து ஏழைப் பேரன்.

அதன் சூட்சுமம் எளியது. கட்டை ஒரு கதிரில் சுழல்கிறது. பக்கத்தில் நீளத் திருகு ஒன்று சுழன்று, வெட்டும் கருவியைத் தாங்கிய வண்டியைக் கட்டையின் நெடுகத் தள்ளுகிறது. இரண்டையும் பல்சக்கரங்கள் இணைக்கின்றன. கட்டை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் வண்டி எவ்வளவு தூரம் போகிறதோ, அதுவே புரியின் நீளம்.

"அட்டவணை எதற்கடா? யந்திரத்தையே கேட்போம்" என்றோம்.

முதலில் திருகைப் பத்துச் சுற்றுச் சுற்றினோம். வண்டி ஐந்து அங்குலம் நகர்ந்தது. ஆகவே ஒரு சுற்றுக்கு அரை அங்குலம். பிறகு தகரப் பெட்டியிலிருந்த சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு பல்லில் சாக்குக் கட்டியால் அடையாளமிட்டு எண்ணினோம். 20 பல்லில் இரண்டு. 30, 40, 50, 60, 80 பல்லில் ஒவ்வொன்று.

மேஜையின் நல்ல காலில் நூலைச் சுற்றி அளந்தபோது, ஒரு புரிக்கு ஆறு அங்குலம் வந்தது. அப்படியானால் கட்டை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் திருகு 12 சுற்றுச் சுற்ற வேண்டும். பன்னிரண்டு மடங்கை ஒரே ஜோடிச் சக்கரத்தில் பெற முடியாது. மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு அல்லவா? திருகிலுள்ள 20 பல், நடு அச்சிலுள்ள 60 பல்லை ஓட்டட்டும். அதே நடு அச்சிலுள்ள மற்ற 20 பல், கதிரிலுள்ள 80 பல்லை ஓட்டட்டும். கணக்குத் தீர்ந்தது!

மரத்தை வெட்டுமுன் வெட்டுக் கருவி இருக்கும் இடத்தில் பென்சிலைக் கட்டி, உருளையில் காகிதம் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். புரிக்குப் பதிலாக, நூற்கண்டு சுற்றியதுபோல் அங்குலத்துக்கு 24 கோடு விழுந்தது. ஓட்டும் சக்கரத்தையும் ஓடும் சக்கரத்தையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டோம். திருகு ஒரு சுற்றுச் சுற்றக் கட்டை பன்னிரண்டு சுற்றியது. இருபது வருஷமாக விகிதம் போதிக்கிற வாத்தியார் தலையைக் குனிந்து கொண்டார்.

மாற்றிப் பூட்டியதும் அழகான ஆறங்குலப் புரி விழுந்தது. ஆனால் வலம் போக வேண்டியது இடம் போயிற்று. இடையில் இன்னொரு சக்கரத்தைச் செருகினோம். இந்த இடைச் சக்கரம் விகிதத்தை மாற்றாது. திசையை மட்டும் திருப்பும். இரண்டாவது புரிக்காக, கதிரின் தட்டிலுள்ள 24 துளைகளில் 12 துளை தள்ளி நிறுத்தி மறுபடி ஓட்டினோம்.

அப்போது தம்பி மற்ற இரண்டு கால்களையும் அளந்தான். ஒன்று ஐந்தே முக்கால் அங்குலம். மற்றொன்று ஐந்தே ஏழரைக்கால் அங்குலம். முதலாவதற்கு வேண்டிய விகிதம் 23-க்கு 2. அடுத்ததற்கு 47-க்கு 4. இருபத்துமூன்றும் நாற்பத்தேழும் பகா எண்கள். பெட்டியிலுள்ள சக்கரங்களை எப்படி அடுக்கினாலும் அவை வரமாட்டா. கிராமத்துத் தச்சர் கட்டையில் கோடு கிழித்து, ரம்பத்தாலும் அரத்தாலும் கண் மதிப்பாகவே செதுக்கியிருக்கிறார். அவருடைய கை தாராளமாகப் போன இடத்துக்கு நம் யந்திரத்தால் போக முடியவில்லை.

"எந்தக் காலைப் பார்த்துச் செய்வது, அண்ணா?" என்று கேட்டான் தம்பி.

"எதைப் பார்த்துச் செய்தாலும் மற்றவற்றோடு ஒவ்வாது. அவர் செய்ததும் அப்படித்தானே? ஆறங்குலமே இருக்கட்டும்" என்றோம்.

தேக்கு அங்கே கிடைத்தாலும் யானை விலை. டாபர்னாக்கிளின் பைன் மரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்நாட்டிலேயே விளைந்த கறுப்பு அக்ரோட்டு மரத்தில் காலைக் கடைந்தோம். ஆனால் சாயம் பூசித் தேக்கு வேஷம் போட வேண்டாமென்று தம்பி சொல்லிவிட்டான். நாம் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மேஜை நான்கு காலில் நின்றது. தம்பியின் சிறு பெண் அதன் அடியில் புகுந்து, கறுத்த காலின் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசி நாள் இரவு புதிய அட்டவணை ஒன்று எழுதி, தகரப் பெட்டியின் மூடியில் ஒட்டினோம். தமிழில்தான் எழுத வேண்டுமென்பது தம்பியின் பிடிவாதம். இனி இந்த யந்திரத்தை வாங்குகிறவர் தமிழ் கற்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லை எண்ண வேண்டும். எண்ணத் தெரிந்தால் போதும்.