கேமரா வாங்கப் போறீங்களா?



"மாப்ள, கேமரா வாங்கலாம்னு இருக்கேன். எத்தனை மெகாபிக்சல் வாங்கட்டும்?" நம்ம ஆளுங்க எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஜவுளிக் கடைக்குப் போய், சட்டைக்கா பாவாடைக்கா என்று சொல்லாமல், "எத்தனை மீட்டர் வாங்கட்டும்?" என்று கேட்பது போலத்தான் இதுவும்.

இந்த வருடம் அந்த ஆசை எனக்கும் வந்தது. குரும்பலூரில் எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் விற்ற பணத்திலிருந்து அப்பா 25,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "ஒரு தடவைதான் தம்பி, பாத்து வாங்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்த போகம் வெங்காயம் என்ன விலைக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்? அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டை எடுத்து, என்னென்ன படம் எடுக்க ஆசை என்று எழுதினேன். நாலு வந்தது.

முதலாவது, சாத்தனூர் கல்மரம். 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டு சொன்னது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை, 18 மீட்டர் நீளம். நல்ல வெயிலில் அசையாமல் படுத்திருக்கும் மரம். நன்றாகப் பின்னால் தள்ளி நின்றால் கையில் இருக்கும் செல்போனே போதும். செலவு பூஜ்யம்!

இரண்டாவது, காரைப் பகுதியில் மண்ணோடு கிடக்கும் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள். விரல் நகம் அளவுகூட இருக்கும். (படம் மட்டும் எடுங்கள், பொறுக்கி வராதீர்கள்.) இதற்குக் கிட்டத்தில் போனாலும் தெளிவாக எடுக்கும் மேக்ரோ வசதி வேண்டும்.

மூன்றாவது, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே நடு ஏரியில் மிதக்கும். இதற்கு ஆப்டிகல் ஜூம் வேண்டும், அதாவது லென்ஸே தூரத்தை இழுத்துத் தர வேண்டும். டிஜிட்டல் ஜூம் என்பது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். 12 மெகாபிக்சலில் 4 மடங்கு இழுத்தால் பதினாறில் ஒரு பங்கு, முக்கால் மெகாபிக்சல்தான் மிஞ்சும்.

நான்காவது, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, கல்யாணம். மண்டபத்தில் மங்கின வெளிச்சம். குழந்தையோ ஒரு நொடி சும்மா இருக்காது. இங்கே தேவை வெளிச்சத்தை வாங்கும் சக்தி. எஃப் 5.6 திறப்பைவிட எஃப் 1.8 திறப்பு 9 மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். சென்சாரும் பெரிதாக இருக்கணும். ஃபுல் பிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர்; சட்டைப்பை கேமராக்கள் பலவற்றில் இருப்பதைப்போல அது ஏறத்தாழ 30 மடங்கு பரப்பு.

சரி, மெகாபிக்சல்? அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போடுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200 பெருக்கல் 1800, அதாவது 21.6 லட்சம் புள்ளி. 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல், அவ்வளவே! 8க்கு 12 அங்குலம் போட்டாலும் 9 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும். 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது வெறும் 10,000 புள்ளி. ஒரு படம் பதிய 23 நொடி. அந்தக் காலம் எப்போதோ போயாச்சு. இன்று எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையும் இல்லை.

நாலையும் ஒரே கேமராவில், 25,000 ரூபாயில் அடக்க முடியாது. எதை அடிக்கடி எடுப்பேன் என்று யோசித்தேன். வரித்தலை வாத்து குளிர்காலத்தில் சில மாதம்தான். கல்மரத்துக்குப் போன் இருக்கு. விசேஷமோ வருஷம் பூரா நடக்கிறது. நாலு பேர் கூப்பிட்டால் போட்ட காசும் திரும்பும். ஆகவே லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று, கூடவே எஃப் 1.8 திறப்புள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்று முடிவு செய்தேன். மேக்ரோவும் ஜூமும் பிறகு, ஒவ்வொன்றாக.

பழையது வாங்குபவர்கள் மூன்றைப் பாருங்கள்: ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது, லென்ஸுக்குள் பூஞ்சை படிந்திருக்கிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது. மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, பை ஆகியவற்றுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள். முடிந்தால் நண்பனின் கேமராவை ஒரு நாள் கேட்டு வாங்கிப் பழகிப் பாருங்கள்.

உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் படம் வேண்டும் என்பவருக்கு ஒருவேளை கேமராவே வேண்டாமல் போகலாம். அதுவும் நல்ல முடிவுதான். பெற்றவர்கள் காசு மிச்சம்! எந்தக் கடைக்காரரும் நம் தேவையை நமக்குச் சொல்ல மாட்டார். ஒரு பேனா, ஒரு தாள், கால் மணி நேரம் போதும் நண்பர்களே. எழுதிப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்!