பாதியில் இருக்கும் புத்தகம்

மதுரையில் எங்கள் நண்பர்கள் சிலர் மாதக் கடைசி ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். தலைமையுரை, பொன்னாடை எதுவும் கிடையாது. வந்தவர்கள் மூன்று புத்தகங்களைச் சொல்ல வேண்டும்: அண்மையில் படித்து முடித்தது, இப்போது படித்துக்கொண்டிருப்பது, அடுத்து எடுக்கப்போவது. இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் எனக்கு முக்கியம். முடித்த புத்தகத்தைப் பற்றி எல்லோருக்கும் பேச வரும். அதற்குள் தீர்ப்பு எழுதி மடித்து வைத்திருப்பார்கள். பாதியில் இருக்கிறவருக்கு அந்த உறுதி இருக்காது. "இந்த ஆள் எதுக்கு இப்படிப் பண்றான்னு தெரியலை" என்று தயங்கித் தயங்கிப் பேசுவார். அந்தத் தயக்கத்துக்குள் மற்றவர்கள் நுழைய இடம் இருக்கிறது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை நான் படித்துக்கொண்டிருந்த மாதம் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடானிலும் பினாங்கிலும் நடக்கிற நாவல். அதில் வருகிற செட்டியார் வட்டிக்கடைகளையும், அங்கே வேலை பார்க்கும் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்பவர்களையும் நான் பின்னணிச் சித்திரமாக எடுத்துக்கொண்டு, போர் வரும் பக்கங்களை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அதைத்தான் மாடியில் சொன்னேன். எங்களோடு காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியை. "தம்பி, அதைத் தாண்டிப் போயிராதீக. எங்க அப்பச்சி ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனாத்தான் போனாக" என்று ஆரம்பித்தார்.

கடையில் ஆளுக்கொரு மரப்பெட்டி. அதுதான் மேசை, அதுதான் பணப்பெட்டி, உடைமையும் அதற்குள்தான். இரவில் அதன் பக்கத்திலேயே படுக்கை. மூன்று வருடம் போல முடிந்தால்தான் ஊர் திரும்ப வழி. அதற்குள் ஊரில் கல்யாணமும் நடக்கும், சாவும் நடக்கும், கடிதம்தான் வரும். மீசை அரும்பாத வயதில் கப்பலேறிய பிள்ளை மேலாளின் முகத்தைப் பார்த்தே வளர வேண்டும். ஆச்சி சொல்லிக்கொண்டே போக, தட்டில் இருந்த பக்கோடா ஆறிப்போனது; யாரும் தொடவில்லை. வீட்டுக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். நாயகன் பாண்டியன் மெடானில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை அப்படி நினைத்து ஏங்குவது ஏன் என்று இந்த முறை விளங்கியது. நாவலை முடித்துவிட்டுப் பேசியிருந்தால் "அருமையான நாவல், போர்க்காட்சிகள் பிரமாதம்" என்று சொல்லி உட்கார்ந்திருப்பேன். ஆச்சியும் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்.

அந்த நாவலே வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பிழைத்த நாவல். 1972-இல் வெளிவந்தபோது பெரிய கவனம் கிடைக்கவில்லை. சிங்காரம் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார், தனியாக வாழ்ந்து 1997-இல் காலமானார். இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக அதை வைக்கிறார்கள் என்றால், "இதைப் படித்தாயா?" என்று கையில் திணித்த மனிதர்கள்தான் காரணம் என்று நம்புகிறேன்.

ஊரே ஒரே புத்தகத்தின் பாதியில் இருந்த காலமும் நமக்கு உண்டு. 1950-இல் தொடங்கி 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் வாராவாரம் வந்தது. அடுத்த இதழில் என்ன ஆகும் என்பது அண்ணன் முதல் பாட்டி வரை யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் யாருக்கும் முடிவைச் சொல்லிக் கெடுக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். கடைசியில், எங்கள் சந்தேகங்கள் தீரவில்லையே என்று வாசகர்கள் கேட்க, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் பல வீடுகளில் இருந்தன. அவை வீடு வீடாகக் கைமாறின. இப்போது முழு நாவலும் ஒரே நாளில் கையில் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் சேர்ந்து காத்திருக்கிற பழக்கம் போய்விட்டது. அதை நாமாக உண்டாக்கிக்கொண்டால்தான் உண்டு.

அடுத்து படிக்கப்போவதைச் சொல்லுவதில் பலருக்குக் கூச்சம். படித்த பிறகு சொல்லலாமே என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாய்விட்டுச் சொன்னால்தான் "என்னிடம் இருக்கிறது, தருகிறேன்" என்று ஒருவர் சொல்வார், "அதற்கு முன் இதைப் படி" என்று இன்னொருவர் சொல்வார். 1880-இல் கும்பகோணத்தில் நடந்தது அதுதானே. கல்லூரித் தமிழாசிரியரான உ.வே. சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம், கோவை என்று ஐயர் அடுக்கினார். பெரிய பட்டியல். முதலியாருக்கு அது போதவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் கையெழுத்துப் பிரதியையும் தேடிக் கொடுத்தார், பாடம் கேட்கவும் வந்து உட்கார்ந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சானது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

இந்த வரலாற்றில் எனக்கு இன்னும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. சிந்தாமணியில் ஐயங்கள் வந்தபோது ஐயர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போனார். அங்கே ஒரு வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்றால், மாதக்கணக்காகப் பாராயணமாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவு பெற்றதாம். புத்தகம் படித்து முடித்ததற்குத் தோரணம்! தமிழ் படித்தவர்கள் மறந்திருந்த நூலை அந்த வீட்டார் கூடியிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஐயருக்கு வந்த ஐயங்களுக்கு விடையும் அவர்களிடம் இருந்தது.

விமர்சகர் க.நா.சு.வைப் பட்டியல் போடுகிறவர் என்று குறை சொன்னவர்கள் உண்டு. 'படித்திருக்கிறீர்களா?' என்று கேள்வியையே தலைப்பாக்கி அவர் எழுதிய நூலும், அவர் மொழிபெயர்த்த 'மதகுரு', 'நிலவளம்', 'அன்பு வழி' ஆகியவையும் இல்லாவிட்டால், தமிழ்நாட்டுச் சிறு ஊர்களில் உட்கார்ந்து ஸ்காண்டிநேவிய நாவல்களைப் படித்த ஒரு தலைமுறை உருவாகியிருக்காது. பட்டியல் போடட்டும். தான் படித்து மகிழ்ந்ததை மற்றவனும் படிக்க வேண்டும் என்று தவிக்கிற மனம் அதில் இருக்கிறது.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நாலைந்து பேராகப் போய் நூலகரிடம் இடம் கேளுங்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அது நம் இடம். போகும்போது, பாதியில் இருக்கும் புத்தகத்தை அடையாளத் தாளோடு அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.