வாப்பாவின் ஹோர்லிக்ஸ் போத்தல்



உங்கள் வீட்டுச் சாமானறையில், மர்ஹூமாகிவிட்ட வாப்பாவோ மாமாவோ விட்டுச் சென்ற துருப்பிடித்த ஆணிப் போத்தல் ஏதும் இருக்கிறதா? இருந்தால் இதை வாசித்து முடிக்கும்வரை அதில் கை வைக்காதீர்கள். நான் அப்படியொன்றை விற்றுவிட்டுப் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வாப்பா 2003இல் வஃபாத்தானார். அவர் விட்டுச் சென்றவற்றில் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்றும், அந்தக் காரின் மிச்சம் மீதி ஆணிகளும் நட்டுகளும் நிறைந்த ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலும் இருந்தன. காரை விற்க உம்மா விடவில்லை. போத்தலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கும்போது, வாசலுக்கு வந்த பழைய இரும்புக்காரரிடம் அதை நிறுத்துக் கொடுத்தேன். கிடைத்த காசுக்கு ஒரு றாத்தல் பாண் வாங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கார் எங்கள் அக்குறணை வீட்டுப் பின்புறக் கொட்டகையில் பதின்மூன்று வருடங்கள் கிடந்தது. 2016இல் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த என் இளைய மகன், “உம்மா, இத நான் ஓட வைக்கிறன்” என்று வந்து நின்றான். நான் சம்மதித்ததற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது. அடுத்த வருடம் மகளின் நிகாஹ். மாப்பிள்ளை வாப்பாவின் காரில் வந்து இறங்க வேண்டும் என்பது என் ஆசை. சிறுவயதில் எங்களுக்கு அந்தக் கார் என்றால் உயிர். திரும்பும்போது கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு சின்னக் கை எழுந்து நிற்கும். அதுதான் அதன் சிக்னல்!

அந்தக் காருக்கே ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததாம். மாதிரிக் காரை நடுவால் வெட்டி, நாலு அங்குலம் அகட்டச் சொன்னார். ஏற்கனவே செய்து வைத்திருந்த பம்பர்களையும் வெட்டி நடுவில் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். பிளவுஸ் பிடித்துப்போனால் நாம் செய்வதும் அதுதானே!

கராஜில் கார் ஏறியதும் நான் நாளுக்கு இரண்டு தடவை கோல் எடுத்துப் பாஸை நச்சரித்தேன். அவசரம் ஷைத்தானின் வேலை என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அவசரத்துக்கு நான்தான் பொறுப்பு, வேறு யாருமில்லை. காணாமல்போன ஆணிகளுக்கெல்லாம் கையில் கிடைத்த ஜப்பான் கார் ஆணிகளைப் போட்டு முடித்து, பளபளவென்று பெயின்றும் அடித்துத் தந்தார்கள்.

நிகாஹ்வுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மகன் கட்டுகஸ்தோட்டை வரை ஓடிப் பார்க்கப் போனான். திரும்பி வந்தவன் முகம் சரியில்லை. “ஸ்டியரிங் கைல ஆடுது உம்மா, வளைவுல ஒரு பக்கம் இழுக்குது” என்றான். கண்டியில் பழைய இங்கிலாந்துக் கார்களிலேயே கை பழகிய வயதான ஒரு பாஸிடம் கொண்டு போனோம். அவர் காரின் கீழே படுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆணியொன்றைச் சுழற்றினார். ஆணியோடு சேர்ந்து, ஓட்டைக்குள் இருந்த புரியும் மெல்லிய வெள்ளி நூலாகச் சுருண்டு வெளியே வந்தது. அதை அவர் என் உள்ளங்கையில் வைத்தார். நாங்கள் அந்தக் காரில் கொழும்புக்குப் போகத் திட்டமிட்டிருந்தோம். கடுகண்ணாவை இறக்கம் என் கண் முன்னால் வந்தது.

நடந்தது இதுதான். அந்த ஓட்டை 5/16 அங்குல ஓட்டை, மில்லிமீட்டரில் 7.94. போட்டிருந்த ஆணி 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் காரின் புரியில் ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று. 8 மில்லிமீட்டர் ஆணியில் 20 சுற்றுத்தான் வரும். இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகியதும் நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் பலமாக முறுக்குவோம். உண்மையில் ஆணி எதையும் பிடிக்காமல் புரியைத் தின்றுகொண்டிருக்கும். கொஞ்சமும் ஏறாத ஆணியென்றால் தூக்கி எறிந்திருப்பார்கள். ஏறியதுதான் ஆபத்தாகிப் போனது.

ஏன் இப்படி ஆளுக்கொரு புரி என்று எனக்குக் கோபம் வந்தது. 1841இல் ஜோசப் விட்வர்த் என்பவர் இங்கிலாந்துக்கு ஒரு புரி அளவு வகுத்தார். அமெரிக்கா வேறொன்றை வைத்துக்கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் இரு நாட்டுச் சாமான்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் திண்டாடியதால், 1948இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் கனடாவும் ஒரு பொதுப் புரிக்கு உடன்பட்டன. அதன் நெருக்கமான வகைக்கு யூ.என்.எப். என்று பெயர். வாப்பாவின் காரில் பெரும்பாலானவை அதுதான். ஆனால் கார்பரேட்டரிலும் மின்சாரச் சாமான்களிலும் பழைய பிரிட்டிஷ் புரிகள் இருக்கின்றன. முன் சில்லுகளைத் தாங்கும் ஊசிகளோ ஒரு பக்கம் வலம்புரி, மறு பக்கம் இடம்புரி!

இதைக் கேட்டதும் எனக்கு என் சிங்கர் மெஷின்தான் நினைவுக்கு வந்தது. ஒருமுறை ஊசியைப் பிடிக்கும் ஆணி தொலைந்து, ஹார்ட்வெயார் கடையெல்லாம் ஏறி இறங்கியும் ஒன்றும் பொருந்தவில்லை. சிங்கருக்கும் தனிப் புரிதான். தையல்காரிக்குப் புரியாத விஷயமா இது என்று ஒரு துணிவு வந்தது. அன்று முதல் ஆணி பிரிக்கும் வேலை என்னுடையதாயிற்று.

காரில் எஞ்சியிருந்த பழைய ஆணிகளையெல்லாம் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தேன். பிறகு என் தையல் டேப்பைப் பக்கத்தில் வைத்துச் சுற்றுகளை எண்ணினேன். ஆணி கட்டையாக இருந்தால் அரை அங்குலத்துக்கு எண்ணி இரட்டிப்பேன். கால் அங்குல ஆணியென்றால் 28 வர வேண்டும். 26 வந்தால் அது பழைய பிரிட்டிஷ். இதைவிட இலேசான வழியும் உண்டு. சரியென்று தெரிந்த ஆணியொன்றைப் புரியோடு புரி சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சீப்புப் பல் போலக் கோத்துக்கொண்டு இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் இரண்டும் ஒரே இனம். சில ஆணிகளின் தலையில் ஒன்றோடொன்று தொட்ட வட்டங்கள் பொறித்திருக்கும். அதைக் கண்டால் எண்ணவே தேவையில்லை, பொதுப் புரிதான்.

குறைந்த ஆணிகளைத் தேடி மகனோடு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே கார்ச் சாமான் கடைகளில் பெண்களைக் காண்பது அருமை. முதற் கடையில், “தாத்தா, இதுவும் அதுவும் ஒண்டுதான், கண்ண மூடிட்டுப் போடுங்க” என்று ஒரு தம்பி நீட்டினார். நான் கண்ணைத் திறந்து என் மாதிரி ஆணியோடு சேர்த்துப் பிடித்தேன். வெளிச்சம் தெரிந்தது. அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது. அந்தத் தம்பி மோசம் செய்தார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. நாலாவது கடையில் இருந்த வயதான ஹாஜியார் ஆணியை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மகள், நீங்க கார்க் கடையில தேடுறீங்க. டிரக்டர்க் கடைக்குப் போங்க. மெஸி பெர்கியூஸனுக்கும் இதே புரிதான்.”

எவ்வளவு பெரிய வார்த்தை! மெஸி பெர்கியூஸன் 35, 135 டிரக்டர்களும் இங்கிலாந்தில் செய்யப்பட்டவைதானே. குருநாகலில் என் நாத்தனார் வீட்டுக்குப் போன சாட்டில், அங்கே டிரக்டர்க் கடையொன்றில் முக்கால்வாசி ஆணிகளை வாங்கிவிட்டேன். மிச்சத்தை லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பியின் மகன் கொண்டு வந்தான். “மாமி, என்ன வேணும்? சொக்லேட்டா, சென்ட்டா?” என்று கேட்ட பிள்ளையிடம் அரைக் கிலோ ஆணி கேட்ட ஒரே மாமி நானாகத்தான் இருப்பேன்.

நடுவில் மகனுக்கும் எனக்கும் ஒரு சண்டை. துருப்பிடிக்காத ஸ்டீல் ஆணிகள் பளிச்சென்று இருக்கின்றன, எல்லா இடத்திலும் அதையே போடுவோம் என்றான். கண்டி பாஸ் மறுத்துவிட்டார். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டீல் ஆணி, தலையில் 8.8 என்று பொறித்த ஆணியைவிடப் பலம் குறைந்தது. இலக்கத் தகட்டுக்கு அது போதும். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் ஆகாது. அங்கே கறுத்துப்போன பலமான ஆணிதான் வேண்டும். மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் முடிய 2018 ஆகிவிட்டது. மாப்பிள்ளை வாடகைக் காரில்தான் வந்தார். நிகாஹ் நடந்த அன்று கொட்டகையில் நாலு கட்டையில் நின்ற காரைப் பார்த்து நான் அழுதது மகளுக்குத் தெரியாது. இதை வாசித்தால் தெரிந்துகொள்வாள். ஆனால் பேரப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தது அந்தக் காரில்தான், அல்ஹம்துலில்லாஹ். கடுகண்ணாவை இறக்கத்தையும் இரண்டு முறை இறங்கிவிட்டோம். முதல் முறை நான் வழி முழுக்கத் திக்ர் செய்துகொண்டே வந்தேன்.

மிஞ்சிய ஆணிகளை மகன் ஒரு புது ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு, மேலே புரியின் பெயரை எழுதி ஒட்டித் தந்தான். அது இப்போது என் அலுமாரியில், காணி உறுதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவி என்னிடம். போன பெருநாளைக்கும் பழைய இரும்புக்காரர் வந்தார்; உடைந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.