தலைவனை விட்டு நடப்பவர்கள்

சில்சாரில் புறப்படும் பங்கு டாடா சுமோவில் ஆட்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்ள, மூட்டைகள் கூரைக்குப் போகும். பராக் சமவெளியின் வயல்களும் தேயிலைத் தோட்டங்களும் பின்னால் நகர, அஸ்ஸாமின் கடைசி ஊரான லைலாப்பூரில் சமதரை முடிந்துவிடும். அங்கிருந்து தெற்கே ஐஸால், செர்ச்சிப், லாங்ட்லாய் வழியாகத் துயிபாங் வரை மலை முகடுகளின் மேல் ஓடும் சாலைக்கு நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 54 என்று ஒரே எண். பிறகு வந்த மறு எண்ணிடலில் அது 306, 6, 2 எனத் துண்டுபட்டது. மிசோ மக்களின் அரசியல் வரலாற்றில் பெரும்பகுதி இந்தச் சாலையை ஒட்டித்தான் நடந்தது. இதன் ஓரத்தில் இன்று நாம் பார்க்கும் ஊர்களில் பல, அந்த வரலாறு நடக்காமல் இருந்திருந்தால் இங்கே இருந்திருக்காது.

லைலாப்பூரைத் தாண்டியதும் வைரெங்டே. மிசோரம்காரர் அல்லாதவர் இங்கே உள்நுழைவு அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். 1873ஆம் ஆண்டின் வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டம் வகுத்த ஏற்பாடு அது. தேயிலைத் தோட்டங்கள் மலையடிவாரம் வரை பரவியதால் வேட்டைக்காடுகளை இழந்த மலைத் தலைவர்கள் தோட்டங்களைத் தாக்கினார்கள். 1871இல் அலெக்சாண்டிராபூர் தோட்டத்தில் ஜேம்ஸ் வின்செஸ்டர் கொல்லப்பட்டு, அவருடைய சிறு மகள் மேரி தூக்கிச் செல்லப்பட்டாள். அவளை மீட்கப் படை போனது. அந்தக் காலத்தில் இழுத்த கோடு செல்லுமா, 1933இல் அறிவித்த எல்லை செல்லுமா என்று அஸ்ஸாமுக்கும் மிசோரத்துக்கும் உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை. 2021 ஜூலை 26 அன்று இதே இடத்தில் இரு மாநிலக் காவல்துறையினரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அஸ்ஸாம் காவலர்கள் ஆறு பேர் இறந்தார்கள். ஒரு நாட்டுக்குள் இரண்டு மாநிலக் காவல்துறைகள் இப்படி மோதுவது அரிது. பழைய கோடுகளுக்கு இங்கே அவ்வளவு உயிர் இருக்கிறது.

வைரெங்டேயில் இன்னொன்றும் உண்டு. கிளர்ச்சி எதிர்ப்பு மற்றும் காட்டுப் போர்ப் பயிற்சிப் பள்ளி 1970இல் இங்கே வந்தது. கொரில்லாவோடு கொரில்லாவைப் போலவே போரிடு என்பது அதன் கொள்கை. அந்தப் பாடத்தை இந்திய ராணுவம் கற்றுக்கொண்டது இந்தச் சாலையின் இரு பக்கக் காடுகளில்தான்.

சாலை கோலாசிப்பை நோக்கி வளைந்து ஏறுகிறது. சரிவுகளில் அங்கங்கே எரித்துத் திருத்திய ஜூம் நிலங்கள். வெள்ளையர் வருவதற்கு முன் இந்த மலைகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தலைவன். பெரும்பாலும் சைலோ குலத்தவன். அறுவடையில் அவனுக்கு ஒரு பங்கு நெல், வேட்டையில் ஒரு பங்கு இறைச்சி, வீடு கட்ட ஊரார் உழைப்பு. அடிமை முறைக்கு நெருக்கமான 'போய்' வழக்கமும் இருந்தது. ஆனால் அவன் அதிகாரத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அவன் ஆட்சி பிடிக்காத குடும்பம் சட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு வேறு தலைவனின் ஊருக்குப் போய்விடலாம். போகிறவர்களின் நெல்லைப் பறித்துக்கொள்ளும் உரிமை தலைவனுக்கு இருந்தது, இருந்தும் போனார்கள். வீடுகள் குறைந்தால் சண்டைக்கு ஆள் இல்லை, ஜூமுக்கு ஆள் இல்லை. ஆகவே குடிகளைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரிந்தவனே பெரிய தலைவன் ஆனான். மிசோ அரசியலில் எனக்குப் புரிந்த அடிப்படை விதி இதுதான்: தலைவனை மாற்ற முடியாவிட்டால் இடத்தை மாற்று.

1890 வாக்கில் மலைகளைப் பிடித்த ஆங்கிலேயர் இந்த விதியைத்தான் முதலில் முறித்தார்கள். 1898இல் வடக்கும் தெற்கும் ஒன்றாகி லுஷாய் மலை மாவட்டம் உருவானது. அதன் கண்காணிப்பாளர் ஜான் ஷேக்ஸ்பியர், தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் எல்லை குறித்த பத்திரம் கொடுத்தார். அதுவரை ஆட்களின் மேல் இருந்த தலைமை நிலத்தின் மேல் போய் உட்கார்ந்தது. வரி வசூலிக்கவும் சுமை கூலிக்கு ஆள் பிடிக்கவும் அரசுக்குத் தலைவன் வேண்டும். குடிகள் அலைவது வேண்டாம். முன்பு மக்களுக்குப் பயந்திருந்த தலைவன் இப்போது கண்காணிப்பாளருக்கு மட்டும் பயந்தால் போதும்.

அதற்கான கணக்கு அரை நூற்றாண்டு கழித்துத் தீர்க்கப்பட்டது. 1946 ஏப்ரலில் பிறந்த மிசோ யூனியன் சாதாரணக் குடிகளின் கட்சி. மிஷன் பள்ளியில் படித்தவர்களும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அதில் சேர்ந்தார்கள். தலைவர் முறையை ஒழிப்பதே அதன் முதல் கோரிக்கை. 1952இல் மாவட்டக் குழுவைக் கைப்பற்றியது. 1954இல் சட்டம் வந்தது. சுமார் முந்நூறு தலைவர்கள் பதவியிழந்தார்கள். அந்த இடத்தில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊர்க்குழுக்கள் வந்தன. அதே ஆண்டு லுஷாய் மாவட்டம் மிசோ மாவட்டம் ஆனது.

கோலாசிப்பைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை மூங்கில். மிசோக்கள் 'மௌதாக்' என்னும் இந்த மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுதும் ஒரே காலத்தில் பூத்துக் காய்த்துச் சாகும். கொட்டிய காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் நெல்வயலில் இறங்கும். 1911இல் வந்தது, 1959இல் வரும் என்று ஊர்ப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள். மாவட்டக் குழு 1958இலேயே தீர்மானம் போட்டு அஸ்ஸாம் அரசிடம் 15 லட்ச ரூபாய் கேட்டது. ஷில்லாங்கில் இருந்த அரசு இதை மலைவாசி மூடநம்பிக்கை என்று ஒதுக்கியது. பஞ்சம் சொன்னபடி வந்தது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து, பின் மாவட்டக் குழு அலுவலகத்தில் எழுத்தராகிய லால்தெங்கா, பஞ்ச நிவாரணத்துக்காக மிசோ தேசியப் பஞ்ச முன்னணியைக் கட்டினார். இளைஞர்கள் அரிசி மூட்டையைச் சுமந்து ஊர் ஊராக நடந்தார்கள். 1961 அக்டோபரில் அமைப்பின் பெயரிலிருந்து 'பஞ்சம்' போனது. மிசோ தேசிய முன்னணி என்னும் கட்சி மிஞ்சியது. அரிசி போன ஒற்றையடிப் பாதைகளிலேயே பிறகு துப்பாக்கியும் போனது.

டுர்ட்லாங் முகட்டைச் சுற்றி வந்தால் எதிர்மலையில் ஐஸால். மாடிக் கட்டடங்கள் சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. 1966 பிப்ரவரி 28 இரவு முன்னணியின் படை இந்நகரின் கருவூலத்தையும் தொலைபேசி நிலையத்தையும் தாக்கியது. அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் முகாமை முற்றுகையிட்டது. மார்ச் 1 அன்று சுதந்திரம் அறிவித்தது. மார்ச் 5இல் இந்திய விமானப்படை விமானங்கள் ஐஸால் மேல் குண்டு போட்டன. தன் நாட்டு நகரத்தின் மேலேயே. ஆட்களையும் பொருள்களையும் இறக்கத்தான் விமானங்கள் போயின என்பது அன்றைய தில்லியின் விளக்கம். ஐஸாலில் இன்றும் ஆண்டுதோறும் மார்ச் 5 நினைவுநாள்.

இருபது ஆண்டுகள் போர். லால்தெங்கா கிழக்குப் பாகிஸ்தான், கராச்சி, லண்டன் என்று அலைந்தார். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சந்திப்பதாக இருந்தது. அன்று காலைதான் இந்திரா கொல்லப்பட்டார். பேச்சு ராஜீவ் காலத்தில் தொடர்ந்து, 1986 ஜூன் 30இல் உடன்படிக்கை கையெழுத்தானது. முதலமைச்சராக இருந்த காங்கிரஸின் லால் தன்ஹாவ்லா நாற்காலியை விட்டு இறங்கி, நேற்றுவரை தலைமறைவு இயக்கத் தலைவராக இருந்தவருக்குக் கீழே துணை முதலமைச்சராக உட்கார்ந்தார். 1987 பிப்ரவரி 20இல் மிசோரம் 23ஆவது மாநிலம். ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் மறுபடி எடுக்காத உடன்பாடுகள் இந்நாட்டில் அதிகமில்லை. இங்கே அது நிலைத்தது, ஏனென்றால் போர் முடிந்தும் சபை மூப்பர்கள் ஓயவில்லை, தேவாலயங்கள் இரு பக்கமும் பேசிக்கொண்டிருந்தன, மக்கள் களைத்திருந்தார்கள். லால்தெங்கா 1990இல் லண்டனில் இறந்தார். அவரை அடக்கம் செய்த இடம் ஐஸால் நடுவில், கருவூலச் சதுக்கத்தில்.

ஐஸாலிலிருந்து கிழக்கே செலிங் வரை போய் சாலை தெற்கே திரும்புகிறது. செலிங் பக்கத்தில் ஆளில்லாக் கடைகள் உண்டு: மூங்கில் தட்டில் காய்கறி, பக்கத்தில் விலை எழுதிய அட்டை, காசு போட ஒரு டப்பா. பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்தடுத்து வரும் சாலையோர ஊர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

1967 ஜனவரியில் ராணுவம் வைரெங்டே முதல் லுங்லேய் வரை இந்தச் சாலையின் இருபுறமும் பத்து மைலுக்குள் இருந்த ஊர்களைக் காலி செய்தது. 106 ஊர்கள், சுமார் 52,000 பேர். அவர்களைச் சாலையோரம் 18 முகாம்களுக்குள் அடைத்து, 'பாதுகாக்கப்பட்ட முன்னேறும் கிராமங்கள்' என்று பெயரிட்டார்கள். சுற்றி மூங்கில் முள்வேலி, அடையாள அட்டை, இருட்டினால் ஊரடங்கு, தலை எண்ணிக்கை. காலியான ஊர்களை எரித்தார்கள், கிளர்ச்சிக்காரனுக்கு ஒரு படி அரிசி கிடைக்கக் கூடாது என்பதற்காக. மூன்றாண்டுகளில் மிசோரத்தின் 764 ஊர்களில் 516 இப்படிப் பெயர்க்கப்பட்டன. நாதியாலுக்கு அந்தப் பக்கம் உள்ள டார்ஸோ என்னும் வளமான ஊரை எரித்த அதிகாரியின் மன உறுத்தலை, பின்னாளில் ஆட்சிப்பணி அதிகாரி வி.எஸ். ஜாஃபா பதிவு செய்தார். தாங்களே விரும்பி வந்ததாக மக்களிடம் கையெழுத்து வாங்கியதையும் அவர் எழுதினார். ஜூம் நிலம் நடந்து போக முடியாத தொலைவில் போய்விட்டது. தானாக விளைத்துத் தின்றவன் ரேஷனுக்கு நின்றான்.

இந்தச் சாலை ஒரு மக்களை உலகத்தோடு இணைத்தது என்று எழுதுவது எளிது. இணைத்த விதத்தைத்தான் நாம் கேட்க வேண்டும். இவர்களைத் தேடிச் சாலை வரவில்லை. சாலையைப் பார்த்து இவர்களை ஓட்டி வந்தார்கள். எல்லைப் பத்திரம் கொடுத்து ஆங்கிலேயன் பாதி கட்டிய கால்களை முள்வேலி முழுதாகக் கட்டியது.

செர்ச்சிப்பில் அந்தக் கால்கள் வேறு வழி கண்டுபிடித்ததைப் பார்க்கலாம். ஐந்து முறை முதலமைச்சராக இருந்த லால் தன்ஹாவ்லாவின் கோட்டை இந்தத் தொகுதி. 2018இல் முன்னாள் காவல்துறை அதிகாரி லால்துஹோமா சுயேச்சையாக நின்று 410 வாக்குகளில் அவரைத் தோற்கடித்தார். லால் தன்ஹாவ்லா நின்ற இன்னொரு தொகுதியும் போனது. அது புதிதல்ல: 2008இல் முதலமைச்சர் ஜோரம்தங்கா தானும் இரண்டு தொகுதிகளில் நின்று இரண்டிலும் தோற்றிருந்தார். 2018இல் மீண்டும் முதல்வராகி, 2023இல் மீண்டும் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். லால்தெங்காவின் வலக்கையாகக் காட்டில் திரிந்தவர் அவர்; அந்தத் தியாகத்துக்கு ஒரு மரியாதை உண்டு, ஆனால் வாக்கு வேறு. லால்துஹோமா கதையும் சுவையானது. இந்திரா காந்தியின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர், 1988இல் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவியிழந்த முதல் நாடாளுமன்ற உறுப்பினர், 2020இல் அதே குற்றத்துக்குச் சட்டமன்றப் பதவியையும் இழந்தவர். இடைத்தேர்தலில் செர்ச்சிப் அவரைத் திரும்ப அனுப்பியது. 2023இல் அவருடைய ஜோரம் மக்கள் இயக்கம் 40இல் 27 இடம் பிடித்தது. இங்கே தேர்தலில் பந்தலும் விருந்தும் கூச்சலும் குறைவு. தேவாலயத்தின் ஆதரவோடு 2006இல் உருவான மிசோரம் மக்கள் மன்றம், எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே மேடையில் ஏற்றிப் பேசவைக்கிறது. பாட்டன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொன்னதைப் பேரன் பொத்தானை அழுத்திச் சொல்கிறான்.

பேத்தியும்தான் அழுத்துகிறாள், ஆனால் அவளை மேடையில் ஏற்றத் தயக்கம். 2023இல் வென்ற பெண்கள் மூன்று பேர். மிசோரத்துக்கு அதுவே சாதனை. நாதியால் வட்டாரம் இதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். டென்லுங் என்ற ஊரை ஆண்ட ரோபுய்லியானி இந்தப் பக்கத்துக்காரர். கணவர் வண்டுலா இறந்த பின் ஆண்டார். வெள்ளையனுக்கு வரியும் கொடுக்க மாட்டேன், கூலியாளும் அனுப்ப மாட்டேன் என்றார். 1893இல் பிடித்துச் சிட்டகாங் சிறைக்குக் கொண்டுபோனார்கள்; 1895இல் அங்கேயே இறந்தார்.

தேரியாட்டில் பிரியும் கிளையில் லுங்லேய். லால்தெங்கா பிறந்த புக்புய் அதற்குப் பக்கத்தில். 1966இல் ஐஸாலை முழுதாகப் பிடிக்க முடியாத முன்னணி, லுங்லேயைப் பிடித்துக் கொடி ஏற்றியது. ஊருக்கு வெளியே செர்க்கானில் லோரைனும் சாவிட்ஜும் நிறுவிய பாப்டிஸ்ட் மிஷன். 1894இல் படகில் சைராங் வந்து இறங்கி மிசோ மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்துக் கொடுத்தவர்கள் இவர்களே. சைராங்குக்கு 2025 செப்டம்பரில் ரயில் வந்துவிட்டது. ஆனால் ரயிலின் பயன் இவ்வளவு தெற்கே வரும்போது லாரி வாடகையாகக் கரைந்துவிடும்.

லுங்லேய்க்குத் தெற்கே சாலை மெலிகிறது. லாங்ட்லாய் லாய் தன்னாட்சி மாவட்டக் குழுவின் தலைநகர். கோலோடைன் ஆற்றைக் கடந்தால் மாரா நாடு. அதன் தலைநகர் சியாஹாவுக்கு ஒரு கிளை பிரிகிறது. மேற்கே பௌத்த சக்மாக்களுக்கு ஒரு குழு. 1972இல் அமைந்த இம்மூன்று குழுக்களிலும் பெரும்பான்மை அடிக்கடி சரிகிறது. ஐஸாலில் ஆட்சி மாறினால் இங்கே உறுப்பினர்களும் கட்சி மாறுகிறார்கள், ஏனென்றால் பணம் ஐஸால் வழியாகத்தான் வருகிறது. மாரா மொழி மிசோ அல்ல. வீட்டில் ஒன்றும் அலுவலகத்தில் ஒன்றுமாகப் பேசுகிறார்கள். இன்னும் சிலர் மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள்: மேற்கு மிசோரத்திலிருந்து 1997இல் திரிபுராவுக்கு ஓடிய புரூ மக்களில் ஆயிரக்கணக்கானோரை அங்கேயே குடியமர்த்த 2020இல் ஒப்பந்தம் போட வேண்டி வந்தது.

துயிபாங்கில் நெடுஞ்சாலை முடிகிறது. ஐஸாலில் நின்று பார்த்தால் மிசோ வரலாறு, தூரத்துத் தலைநகரம் ஒன்றின் அலட்சியத்துக்கு எதிரான போராட்டம். அதில் நியாயம் மிசோக்கள் பக்கம். துயிபாங்கில் நின்றால் அந்தத் தூரத்துத் தலைநகரம் ஐஸால்தான். அன்று ஷில்லாங்கிடம் 15 லட்சம் கேட்டு நின்றவர்களின் வாரிசுகளிடம் இன்று சியாஹாவும் லாங்ட்லாயும் நிதி கேட்டு நிற்கின்றன. பிடிக்காத தலைவனை விட்டு வெளியேறத் தெரிந்த மக்கள், முதலமைச்சர்களைச் சொந்தத் தொகுதியில் தோற்கடிக்கத் தயங்காத மக்கள், தங்களை விட்டு வெளியேற நினைப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் அவர்களுடைய தலைமையின் அடுத்த சோதனை இருக்கிறது. 40 பேர் அவையில் சிறு சமூகங்களின் வாக்கு ஒருபோதும் ஐஸாலைக் கவிழ்க்காது. ஆகவே இதைத் தேர்தல் தீர்க்காது. ஐஸாலே தீர்க்க வேண்டும்.