மூக்குக்கு ஏற்ற மாஸ்க்

குறட்டை விட்டுத் தூங்குகிறவர் அசந்து தூங்குகிறார் என்றுதான் கல்யாணமான நாள் முதல் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். "உங்க மாமா விட்ட கொறட்டைக்கு ஓடே ஆடும் தாயி. இவன் எம்புட்டோ தேவல" என்று என் மாமியார் வேறு சிரிப்பார்.

எங்களுக்கு ஊர் கம்பம். இவர் ஜீப் ஓட்டுகிறார். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறுவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

சின்னவளுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, பால் கொடுக்க ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் கவனித்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நின்றுவிடும். வயிறும் நெஞ்சும் எக்கி எக்கி அடங்கும், மூக்கில் காற்றே இராது. மனசுக்குள் எண்ணுவேன். 20... 25... பிறகு கிணற்றில் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு பெரிய மூச்சு. மறுபடி குறட்டை. காலையில் எழுந்ததும் தலைவலி என்பார். சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண் சொக்குவார்.

அழைத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். மதுரையில் ஓர் இரவு தங்கித் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைத்துக்கொள்கிறதாம். ஒவ்வொரு தடவையும் 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும் குறைவதையும் கணக்கெடுக்கிறார்கள். மணிக்கு 5 தடவைக்குள் என்றால் பயமில்லை; 30க்கு மேல் போனால் தீவிரம். இவருக்கு 42! ரத்தக் கொதிப்பும் இருதயக் கோளாறும் இதனால் வரலாம் என்றார் டாக்டர்.

இதற்கு ஒரு இயந்திரம் இருக்கிறது. 'சிபேப்' என்கிறார்கள். காற்றை இதமான அழுத்தத்தில் குழாய் வழியாக மூக்குக்குள் செலுத்தி, மூச்சு வழி மூடாமல் பார்த்துக்கொள்கிறது. சிட்னி நகரத்து டாக்டர் காலின் சலிவன் 1981ல் உலகுக்கு அறிவித்த முறை இது. அந்த நாளில் மாஸ்க்கை ராத்திரிதோறும் மூக்கோடு பசை வைத்து ஒட்டினார்களாம். இன்றைக்கு விதவிதமாக வந்துவிட்டது. ஆனால் அந்த 'விதவிதம்' எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இயந்திரம் விற்றவர் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் ஒன்றைக் கொடுத்து, "எல்லாருக்கும் இதுதாம்மா போகுது" என்றார். உட்கார்ந்தபடி ஒரு தடவை மாட்டிக் காட்டினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து படுத்தால் ஓரமெல்லாம் காற்றுக் கசிந்தது. கண்ணில் காற்று அடித்து, காலையில் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. கசிகிறதே என்று நான் வாரை இறுக்கினேன். மூக்குத் தண்டில் புண் வந்ததுதான் மிச்சம்.

பத்தாம் நாள், "ஏ புள்ள, இது எனக்குச் சரிப்படாது" என்று சொல்லி எல்லாவற்றையும் பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டார். கடன் வாங்கி வாங்கிய சாமான்! நானும் கோபத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "என்னங்க?" என்றேன். வெகு நேரம் கழித்துத்தான் வாய் திறந்தார். "வளைவுல ஒரு நொடி கண்ணு போயிருச்சு. பின்னால இருந்த அக்கா போட்ட சத்தத்துலதான் முழிச்சேன். வண்டி நிறைய ஆளு." கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. தப்பு இயந்திரத்தில் இல்லை, மாஸ்க்கில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. செருப்புக் கடித்தால் நடப்பதையா நிறுத்திவிடுகிறோம்? செருப்பைத்தானே மாற்றுகிறோம்!

மறுபடி மதுரைக்குப் போனோம். அங்கே இருந்த ஒரு பெண் டெக்னீஷியன் இவரைக் கட்டிலில் படுக்கவைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு மாஸ்க்காக மாட்டிப் பார்த்தார். படுத்தால் கன்னம் சரிந்து முகத்தின் வாகே மாறிவிடுமாம். அதனால் உட்கார்ந்து பார்த்து வாங்கக் கூடாதாம்.

அவர் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாஸ்க்கில் முக்கியமாக மூன்று வகை. மூக்கையும் வாயையும் மூடுவது ஒன்று. வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கும், மூக்கு தீராமல் அடைத்திருப்பவர்களுக்கும் அது உதவும். மூக்கை மட்டும் மூடுவது இரண்டாவது. மூக்குத் துவாரத்தின் வாயிலில் மட்டும் பொருந்தும் சின்ன மெத்தைகள் மூன்றாவது. கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பவர்களுக்கும், முகம் மூடினாலே மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கும் இது தோது. காற்றழுத்தம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு இது உறுத்தலாம்.

இவருக்கு மூக்கு மாஸ்க் வைத்தபோது மீசை இடைஞ்சல் செய்தது. மேலுதட்டில் மாஸ்க் படியவில்லை. "மீசையை எடுத்துருங்க சார்" என்றதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சின்ன மெத்தையை வெச்சுப் பாருங்கம்மா" என்றேன். அதுதான் பொருந்தியது. மீசையும் பிழைத்தது.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருந்தது. ஆனி, ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றும் புழுதியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மாதங்களில் இவருக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். உடனே வாய் திறந்துகொள்ளும். வாய் வழியே காற்றுப் போய்விட்டால் என்ன பிரயோஜனம்? காது மூக்கு தொண்டை டாக்டர் மருந்து கொடுத்து மூக்கைச் சரி செய்தார். இயந்திரத்தோடு வந்த ஈரப்பதத் தொட்டியையும் போடச் சொன்னார். அதில் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுகிறேன். வாய் வறட்சி போயிற்று.

இனி என் கைப்பக்குவத்தில் சில விஷயங்கள். வாரை இறுக்கக் கூடாது. ஒரு விரல் நுழைய வேண்டும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மாஸ்க் வழுக்கும். தினமும் காலையில் மெத்தையை வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பால் கழுவி நிழலில் உலர்த்துகிறேன். மாஸ்க்கில் இருக்கும் சின்னத் துளைகள் விட்ட மூச்சு வெளியேறுவதற்கு. கசிவு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். பெரிய மாஸ்க் போட்டவருக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே கழற்ற வேண்டும். தானே கழற்ற முடியாதவர்களுக்கு அது ஆகாது.

இன்னொன்று. சில மாஸ்க்குகளில் காந்தக் கொக்கி இருக்கும். பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் உடம்பில் வைத்திருப்பவர்களுக்கு அது ஆபத்து என்று தயாரிப்பாளர்களே 2022லும் 2023லும் எச்சரித்திருக்கிறார்கள். போடுகிறவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் படுப்பவருக்கும்தான். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இப்போது இவர் காலையில் தெளிவாக எழுந்திருக்கிறார். தலைவலி இல்லை. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டால் என் அடிவயிறு பிசைவதும் நின்றுவிட்டது. மாமியாருக்குத்தான் குறை. "என்னடி இது, வீடே வெறிச்சுன்னு கெடக்கு. எம் மகன் தூங்குறானா இல்லையான்னே தெரியல" என்கிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டால் ஒரு ராத்திரி விழித்திருந்து கேளுங்கள். நடுவில் மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள். பெண்களுக்கும் இது வரும்; 'வீட்டு வேலை அசதி' என்று நாமே ஒதுக்கிவிடுகிறோம். இயந்திரம் வாங்கிப் பரணில் போட்டிருந்தால் இன்றே இறக்குங்கள். மாஸ்க்கை மட்டும் மாற்றிப் பாருங்கள்.