நகரப் பயணிக்கும் ஓர் ஆற்றுணா

ஆற்றுணா என்பது அழகியதொரு பழந்தமிழ்ச் சொல். ஆறு என்பது வழி. உணா என்பது உணவு. வழிச்செல்வோன் தன்னோடு கொண்டு செல்லும் கட்டுச்சோறே ஆற்றுணா எனப்படும். நிரம்பக் கற்றவனுக்கு எந்நாடும் தன் நாடேயாதலின், அவன் வழிக்கு உணவு கட்டிச் செல்லவேண்டிய அவசியமில்லை என்பது பழமொழி நானூற்றிற் காணும் கருத்து. இச்சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர் தத்தம் புத்தகப் பைகளை நோக்கிப் புன்முறுவல் செய்வர். அப்பைகளிற் புத்தகம் உண்டு, கைத்தொலைபேசி உண்டு, வேறு யாது உண்டு என்று வினவினால் விடை வருவதில்லை. அவற்றுள் இல்லாதனவற்றைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டி கட்டித் தூரப் பயணம் புறப்பட்ட நம் முன்னோர், கொட்டைப்பெட்டியிற் பணமும் வெற்றிலையும், வாழையிலையிற் பொதிந்த சோறும், செம்பில் நீரும் கொண்டே படி இறங்கினர். இன்று பாணந்துறையிலிருந்தும் மொறட்டுவையிலிருந்தும் கம்பஹாவிலிருந்தும் கொழும்புக்கு வரும் மாணவரும் கந்தோர் உத்தியோகத்தரும் வெறுங்கையராய்ப் புறப்படுகின்றனர். மாலையில் வீடு திரும்புவோம் என்னும் துணிபே அவர்க்குத் துணை. அத்துணிபு பெரும்பாலான நாள்களிற் பொய்ப்பதில்லை. பொய்க்கும் நாள் முன்னறிவித்து வருவதுமில்லை.

அண்மைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதியை மூழ்கடித்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டில் எரிபொருளின்றிப் பஸ் வண்டிகள் ஓடாதொழிந்த நாள்களும் பல. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்துட் புகுந்த குரங்கொன்றினால் நாடு முழுதும் மின்சாரத்தை இழந்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் புகையிரதப் பாதைகள் பலவற்றைச் சிதைத்ததோடு களனிக் கரையையும் மீண்டும் வெள்ளக்காடாக்கியது. ஒரு குரங்கும் ஒரு நாட்டை இருளில் ஆழ்த்த வல்லது என்றால், நகரப் பயணிக்கு ஆற்றுணா வேண்டுவதில்லை என்று எவரே துணிந்து கூறுவர்?

தலைநகரில் வாழ்ந்த தமிழர் இவ்வாயத்தத்தை அறியாதவரல்லர். போர்க்காலத்தில் என் தந்தையார் வேலைக்குப் புறப்படுமுன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். தேசிய அடையாள அட்டை, வதிவிடப் பதிவுத் துண்டு, வேலைத்தலத்துக் கடிதம், உறவினர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் எழுதிய தாள் ஆகிய நான்கும் அங்கிருக்கும். அவர் பையில் நீரில்லை, விளக்கில்லை, மருந்தில்லை. தாம் யார் என்று பிறர்க்குக் காட்டும் தாள்களே இருந்தன. 1996ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் தெகிவளைப் புகையிரத நிலையத்திற் குண்டு வெடித்தபோது யான் மாணவன். அன்று மாலை எங்கள் வீட்டில் இருவகை அச்சம் நிலவியது. வெடியிற் சிக்கினாரோ என்பது ஒன்று. சோதனையில் நிறுத்தப்பட்டாரோ என்பது மற்றொன்று. இருள் பரந்த பின்னரே அவர் நடந்து வந்து சேர்ந்தார். அன்று அம்மா அவருக்கு முதலில் நீட்டியது ஒரு செம்பு தண்ணீர்.

அக்காலத்து அச்சம் நமக்கு ஒரு பழக்கத்தைத் தந்து சென்றது. அச்சம் நீங்கிய பின்னரும் அப்பழக்கத்தை எறிந்துவிடாது, அதனை விரிவுபடுத்திக் கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. அன்று பை நம்மை ஐயத்திலிருந்து காத்தற்கு அமைந்தது. இன்று அது நம்மையும் நம் அருகில் நிற்பவரையும் இடரிலிருந்து காத்தற்கு அமையலாம்.

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்பது பழமொழி. ஆதலின் ஒரு பகலும் ஓர் இரவும் தாங்கினாற் போதும் என்று எல்லை வகுத்துக் கொண்டேன். நீர் நீங்கலாக எல்லாம் சேர்ந்து ஒரு கிலோகிராமைத் தாண்டலாகாது. தாண்டினால் மூன்றாம் நாளே பை வீட்டு மூலையிற் கிடக்கும். பொருள்களைத் தெரிதற்கு மூன்று வினாக்கள் போதுமானவை. வண்டி நின்றால் நடந்து வீடு சேர்வேனா? சேர இயலாவிடின் ஓர் இரவைக் கழிப்பேனா? யான் பேச இயலாத நிலையிற் கிடந்தால் என்னை அறியாதவர் எனக்கு உதவ இயலுமா?

முதலாவது நடை. கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர். மணிக்கு 4 கிலோமீற்றராக நடப்பவர்க்கு இரண்டு மணி நேரம். இறுகிய சப்பாத்தும் உயர்ந்த குதியும் இத்தூரத்தைத் தாங்கா. அத்தகைய பாதணி அணிவோர் மெல்லிய பாட்டாச் செருப்பு ஒரு சோடியைப் பையின் அடியில் வைத்தல் நன்று. வெள்ளம் நின்ற தெருவில் இது பொருந்தாது. அங்கே திறந்த வடிகாலும் அறுந்த மின்கம்பியும் நீருக்குள் மறைந்து கிடத்தலின், சுற்றுவழியே நேர்வழி. குடை எக்காலத்தும் இருக்கட்டும். தாள்களையும் தொலைபேசியையும் நனையாது காக்கத் தடித்த பொலித்தீன் பை ஒன்று வேண்டும்.

இரண்டாவது இரவு. அரை லீற்றர் நீர்ப் போத்தல் முதன்மையானது. எள்ளுருண்டை இரண்டும் ஒரு சிறு பொதி கச்சானும் பல நாள் கெடாது, பசியும் ஆற்றும். தொலைபேசியிலேயே விளக்கு உண்டே என்பர் மாணவர். அவ்விளக்கு எரிய எரியத் தொலைபேசியின் உயிரும் தேய்கின்றது என்பதை அவர் நினைப்பதில்லை. எனவே விரல் நீளத்து ரோச் ஒன்றும், தொலைபேசிக்கு மின்னூட்டும் பவர்பாங்க் ஒன்றும் தனித்தனியே இருத்தல் வேண்டும். மின்சாரமும் இணையமும் அற்றபோது பணம் வழங்கும் இயந்திரமும் வாய்மூடும். ஆதலின் 2,000 ரூபாயைச் சிறு நோட்டுகளாக மாற்றித் தனி உறையில் வைத்துள்ளேன். இவற்றோடு ஒரு விசிலும் உண்டு. இடிபாட்டிலோ இருளிலோ அகப்பட்டவன் குரல் சில நிமிடத்திற் கம்மிவிடும். விசிலோ மூச்சுள்ளவரை ஒலிக்கும். மும்மூன்றாக விட்டுவிட்டு ஊதுதல் உதவி வேண்டும் குறி.

உடலுக்கு உரியன சிலவே. நாள்தோறும் மருந்துண்பவர் இரண்டு நாளுக்குரிய குளிசைகளைப் பெயரெழுதிய உறையில் வைத்தல் வேண்டும். காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் பரசிற்றமோல் போதும். டெங்கு நடமாடும் நகரமாதலின், காரணம் அறியாத காய்ச்சலுக்கு அஸ்பிரினும் இபுபுரோபனும் கொடுத்தல் ஆகாது. அவை குருதிப்பெருக்கை மிகுவிக்கும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பொதி ஒன்று. அதனை ஒரு லீற்றர் நீரிலேயே முழுதாகக் கரைக்க வேண்டும். அரை லீற்றர்ப் போத்தலிற் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்கு பயக்கும். காயத்துக்குத் தூய பந்தனத் துணிச் சுருள் ஒன்று. குருதி பெருகும் இடத்திற் கோப்பித்தூளை அப்பும் வழக்கம் இன்னும் நம்மிடையே உண்டு. அது காயத்தை அழுக்காக்குமேயன்றிக் குருதியை நிறுத்தாது. துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் எடுத்துப் பாராமல் அழுத்திப் பிடித்தலே முறை. நம்மூரார் லேஞ்சி என்னும் கைக்குட்டையும் இதற்கு உதவும்.

மூன்றாவது வினாவுக்கு விடை ஒரு தாள். இதன் அருமையை ஒரு மாலைப் புகையிரதத்திற் கண்டேன். கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் என் அருகில் நின்ற முதியவர் ஒருவர் வியர்த்து, நடுங்கி, வாய் குழறலானார். குடித்திருக்கின்றார் என்று சிலர் விலகினர். அவருடைய சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று தெரிந்தது. அது சிங்களத்தில் இருந்தது. யான் எழுத்துக் கூட்டி முடிக்குமுன், பல்கலைக்கழக மாணவி போலத் தோன்றிய ஒரு சிங்களப் பெண் அதனை வாங்கி உரக்க வாசித்தாள். அவர் நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர் என்றும், மகனுடைய தொலைபேசி இலக்கம் இது என்றும் அதில் எழுதியிருந்தது. அவர்க்கு நினைவும் விழுங்கும் ஆற்றலும் இருந்தமையால், என் பையிலிருந்த சீனியில் மூன்று தேக்கரண்டியளவு கொடுத்தோம். சிறிது நேரத்திற் பேச்சுத் தெளிந்தது. நினைவிழந்தவராயின் வாயில் யாதும் இடலாகாது. ஒருக்களித்துக் கிடத்தி 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை அழைத்தலே செயற்பாலது. வெள்ளவத்தையில் யான் இறங்கியபோது அம்மாணவி முதியவரின் மகனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே எங்கள் ஆசிரியர் அறையிற் சிங்களம் கற்பிக்கும் நண்பரிடம் ஒரு தாளை நீட்டினேன். என் பெயர், குருதியினம், உண்ணும் மருந்து, ஒவ்வாத மருந்து, வீட்டாரின் இரு தொலைபேசி இலக்கங்கள் ஆகியவற்றை அவர் தம் அழகிய கையெழுத்திற் சிங்களத்தில் எழுதித் தந்தார். தமிழையும் ஆங்கிலத்தையும் யான் எழுதினேன். அவர் தமக்கும் அவ்வாறே ஒன்று வேண்டுமென்றார். அதன் தமிழ்ப் பகுதி என் கையெழுத்து. இடர் வேளையில் நம்மை நோக்கிக் குனிபவர் எம்மொழியினர் என்று எவர் அறிவார்? தந்தையார் சுமந்த தாள்கள் ஐயுறுவோருக்குக் காட்டப்பட்டவை. இத்தாளோ உதவ வருவோருக்காக எழுதப்பட்டது. என் பையிலுள்ளவற்றுள் எடை குறைந்ததும் யான் பெரிதாய் மதிப்பதும் இதுவே. அதன் பின்புறத்திற் காவற்றுறையின் 119, தீயணைப்பின் 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்பனவும் உள்ளன.

கொண்டு செல்லலாகாதனவும் உண்டு. கத்தியும் கூரிய ஆயுதமும் வேண்டா. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாளின் பின்னர்ப் பாடசாலை வாயில்களிற் பைகள் அவிழ்த்துப் பார்க்கப்பட்டதை மாணவர் மறந்திரார். சோதிப்பவர் கண்டு வியக்கும் பொருள் எதுவும் இப்பையில் இராமை நன்று. துணி வெட்ட முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல் போதும்.

இத்துணையும் கூறிய பின் பழம்புலவரின் கருத்துக்கும் மதிப்பளித்தல் வேண்டும். பையினுள் அடங்காத ஆற்றுணா ஒன்று உண்டு, அஃது அறிவு. கொள்ளுப்பிட்டி முதல் தெகிவளை வரை நம் புகையிரதம் கடலலை தெறிக்கும் தூரத்தில் ஓடுகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கொழும்பிலிருந்து தென்கரை வழியே சென்ற புகையிரதம் பெரலியவில் முதலலையால் நின்றது. ஊரவரும் அதனையே புகலிடமென நம்பி ஏறினர். அடுத்து வந்த பேரலையில் 1,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல் இயல்புக்கு மாறாக உள்வாங்கினாலும், ஓர் அலை புகுந்து வடிந்தாலும், வண்டியை நம்பாது உள்நாட்டு மேட்டை நோக்கி விரைந்து செல்லவேண்டும்; பின்னலை முன்னலையினும் பெரிதாகலாம். இவ்வறிவைச் சுமக்கத் தோள் நோவதில்லை.

ஆண்டுக்கு இருமுறை, தைப்பொங்கலுக்கும் ஆடிப்பிறப்புக்கும் முன், யான் பையைக் கவிழ்த்துக் கொட்டிக் காலங்கடந்த குளிசைகளை நீக்கி, ரோச்சின் மின்கலத்தை மாற்றுகின்றேன். எள்ளுருண்டை அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. அதனை மாணவர் கண்டுபிடித்துவிடுகின்றனர். இந்நாள்வரை அப்பையிலிருந்து எனக்கென யான் எடுத்தவை மிகச் சில. பசித்த பிள்ளைக்குக் கச்சானும், தலையிடியால் வருந்திய உடனாசிரியருக்குக் குளிசையும், முதியவருக்குச் சீனியுமாகப் பெரும்பாலன பிறர் கைக்கே சென்றன.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவரிற் பலர் நாள்தோறும் நெடுவழி செல்வோர். மாணவர் நாளை அவ்வழியே செல்லவிருப்போர். எல்லாப் பொருளையும் இன்றே சேர்க்க இயலாவிடினும் குற்றமில்லை. இன்றிரவு அத்தாளை மட்டும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பிறமொழிப் பகுதியை எழுதித் தர ஒரு நண்பரை நாடுங்கள். அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.