இடமில்லை

தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் மிக அதிகம் எழுதப்பட்ட விமர்சன வாக்கியம் எதுவென்று யோசித்தால், 'இடமின்மையால் வெளியிட இயலவில்லை' என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. கார்டில் வரும். கவிதை நல்லதா, மோசமா, ஆசிரியர் படித்தாரா இல்லையா, ஒன்றும் அதிலிருந்து தெரியாது. நாற்பது பக்கம், கடன் சொல்லி வாங்கிய காகிதம் என்ற ஸ்தூலமான உண்மை பின்னால் இருந்ததால் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. இடமின்மை என்பது அபிப்பிராயத்தைத் தள்ளிப்போட ஒரு வசதி, அவ்வளவே.

சென்ற மாதம் என் லாப்டாப் இதே வாக்கியத்தை என்னிடம் சொன்னது. சி டிரைவில் சிவப்புக் கோடு. 120 ஜி.பி.யில் மிச்சம் அரை ஜி.பி. கூட இல்லை; எழுதியதைச் சேமிக்கப் போனால் மறுத்தது. போன வருஷம் இறந்துபோன நண்பர் ஒருவரின் கவிதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்த சமயம். எனவே வெறும் யந்திர விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

அதே யந்திரத்தில் டி என்ற டிரைவ் 800 ஜி.பி. அளவுக்கு ஏறக்குறைய காலியாகவே கிடக்கிறது. இரண்டும் ஒரே டிஸ்க்தான். நடுவே சுவர் எழுப்பியது 2019இல் இதைத் தயார்செய்து கொடுத்த கடைப் பையன். சுவரைத் தள்ளிவைக்கலாமே என்றால், விண்டோஸ் தரும் வசதியில் ஒரு பகுதியை நீட்ட, அதன் வலப்பக்கத்தை ஒட்டினாற்போல் யாருக்கும் ஒதுக்காத இடம் இருக்க வேண்டும். அங்கே டி உட்கார்ந்திருக்கிறது. டியைச் சுருக்கினாலும் அதன் வால்பக்கம்தான் காலியாகும். அது சிக்கு எட்டாது. டியை முழுக்கக் காலிசெய்து, அழித்து, மறுபடி கோடு போட வேண்டும். சி என்ற பெயரே ஒரு பழைய மிச்சம். ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிகளுக்கு உரியவை. 1983இல் ஐ.பி.எம். தன் பி.சி. எக்ஸ்.டி.யில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க்கை வைத்தபோது அதற்குக் கிடைத்த எழுத்து சி. ஃப்ளாப்பிகள் போய்விட்டன. முன்னால் இரண்டு நாற்காலி காலியாக இருக்க, சி இன்னும் மூன்றாவதாகவே நிற்கிறது.

சுவரை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால் 11-க்கு மாறியிருந்தேன். பழைய விண்டோஸ் முழுவதும் ஒரு ஃபோல்டரில் அப்படியே இருந்தது. புதிது பிடிக்காதவர் திரும்பிப் போகப் பத்து நாள் அவகாசம். அது 21 ஜி.பி. அடுத்து, யந்திரம் நீள்துயில் கொள்ளும் முன் தன் நினைவில் உள்ளதை எழுதிவைத்துக்கொள்ளும் ஃபைல், 3 ஜி.பி. அந்தத் துயிலே வேண்டாம் என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் ஃபைலும் போய்விடும். அப்புறம் தற்காலிகம் என்று பெயர் வைத்து நிரந்தரமாகத் தங்கிவிட்டவை, புதுப்பித்தல்களின் சக்கை, எல்லாம் சேர்த்து 7 ஜி.பி. விண்டோஸே வைத்திருக்கும் சுத்திகரிப்பு வசதியில், சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால், இவற்றில் பெரும்பகுதியைக் கேட்டுக்கொண்டே அழிக்கிறது. ஒரு ஃபோல்டரை மட்டும் கையால் தொடக் கூடாது. விண்டோஸ் தன் உறுப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் இடம் அது. ஒரே ஃபைல் இரண்டு பெயர்களில் இரண்டு தடவை எண்ணப்படுவதால், அது இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். நம்மிடையேயும் அப்படிச் சிலர் உண்டு.

ஆக 31 ஜி.பி. அத்தனையிலும் நான் எழுதிய ஒரு தமிழ் வாக்கியம் கிடையாது.

அப்படியானால் என் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது? குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டேன். யுனிகோடில் 'க' ஒரு குறி, 'கொ' இரண்டு குறி, யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். எட்டாயிரம் குறிகள் கொண்ட ஒரு கட்டுரை 24 கே.பி. பன்னிரண்டு வருஷத்தில் நூற்றைம்பது கட்டுரைகள் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு எம்.பி.யைத் தொடாது. சண்டை, சமாதானம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு எல்லாம் சேர்ந்து, யாரோ செல்போனில் எடுத்து அனுப்பிய ஒரு கல்யாணப் பந்தியின் போட்டோவுக்குச் சமம். கவிதை இதனினும் சிறிது. இருநூறு குறிக்குள் அடங்கும் ஒரு குறுங்கவிதையை வெறும் டெக்ஸ்டாகச் சேமித்தால், அதற்குத் தனி இடமே ஒதுக்கப்படுவதில்லை. எந்த ஃபைல் எங்கே என்று குறித்துவைக்கும் பதிவேட்டில், அதன் பெயருக்குப் பக்கத்திலேயே அடங்கிவிடுகிறது.

நண்பரின் பென் டிரைவுக்கு வருகிறேன். அதில் ஒரே கவிதைக்குப் பதினோரு வடிவங்கள். அவருடைய தம்பி, "கடைசியாக எழுதினதை மட்டும் போடுங்க சார், மத்ததை அழிச்சிடுங்க, பின்னால குழப்பம் வேண்டாம்" என்றார். அண்ணன் மேல் மரியாதை கொண்டவர்தான். பதினொன்றும் சேர்ந்து 44 கே.பி. இடம் ஒரு காரணமாக நிற்காது. தம்பி கேட்டது இடமல்ல, ஒழுங்கு. கவிஞனுக்கு ஒரு முகம்தான் இருக்க வேண்டும் என்ற குடும்பத்து ஆசை அது.

கடைசி எது என்பதே முதலில் தெளிவில்லை. ஃபைலை இன்னோர் இடத்துக்குக் காப்பி செய்தால், உருவான தேதி காப்பி செய்த நாளாக மாறிவிடுகிறது. திருத்திய தேதி மட்டும் பழையபடி நிற்கிறது. அதுவும் கடைசியாகச் சேமித்த நாளைத்தான் சொல்லும். ஒரு புள்ளியைச் சேர்த்து, எடுத்து, சேமித்தாலும் தேதி மாறும். இந்தக் கணக்கில் பதினோராவதாக நிற்பது, அவர் மனசில் முடிந்த கவிதை என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை.

ஐந்தாவது வடிவத்தில் ஒரு கிணற்றுக் கயிறு வருகிறது. கயிறு தேய்த்துத் தேய்த்து விளிம்புக் கல்லில் விழுந்த பள்ளம். அதில் விரலை வைத்துப் பார்க்கும் ஒருவன். பதினோராவதில் கயிறு இல்லை. அந்த இடத்தில் 'காலம்' வந்துவிட்டது, பின்னோடு 'சுவடு'ம் வந்துவிட்டது. இடையில் அவர் படித்த மொழிபெயர்ப்புகளின் பாதிப்பு என்று நினைக்கிறேன். ஐந்தாவதில் அனுபவம் விரலில் தட்டுப்படுகிறது. பதினோராவதில் அனுபவத்தைப் பற்றிய அறிவிப்புதான் இருக்கிறது. என் வரையில் கவிதை ஐந்தாவதுதான்.

வங்கியில் அழிப்பதற்கு விதி உண்டு. 1985ஆம் வருஷத்து விதிகளின்படி சில ஆவணங்களை ஐந்து வருஷம், சிலவற்றை எட்டு வருஷம் வைத்திருந்தாக வேண்டும், அப்புறம் அழிக்கலாம். பணத்தின் விஷயம் வேறு. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட், 2014இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய நிதிக்குப் போய்ச் சேரும். ஆனாலும் உரியவர் வந்து கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். காகிதம் போகலாம், கணக்கு தீர்ந்துவிட்டதாகாது.

ஹார்ட் டிஸ்க்கிலும் அழிப்பது என்பது பெரும்பாலும் பதிவேட்டில் பெயரை அடிப்பதுதான். விஷயம் அங்கேயே கிடக்கும், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை. நம் இலக்கிய மறதியும் இந்த ஜாதிதான். முந்நூறு பிரதி அடித்த பத்திரிகையில் வந்த ஒரு கவிதை எவர் வீட்டுப் பரணிலோ இருந்துகொண்டுதான் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லை, அவ்வளவே. யாராவது தேடினால் கிடைத்துவிடும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி.க்களில் இந்த அவகாசம் கிடையாது. எந்த இடம் வேண்டாதது என்று விண்டோஸ் தகவல் கொடுத்துவிடுகிறது. டிரைவ் அதைத் தானாகவே துடைத்துவிடுகிறது. பிறகு மீட்பது அநேகமாக நடவாது. அடுத்து நான் வாங்கப்போவதும் அதுதான்.

பதினொன்றையும் டிக்கு மாற்றி, இன்னொரு பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். புத்தகத்தில் ஐந்தாவது வரும். ஏன் ஐந்தாவது என்று முன்னுரையில் காரணத்தோடு எழுதப்போகிறேன். பதினோராவதைப் பின்னிணைப்பில் வைக்கலாம், வாசகன் ஒப்பிட்டுப் பார்த்து என்னை நிராகரிக்கட்டும். தம்பிக்கு இதில் சம்மதமில்லை. அண்ணன் திருத்தியதைத் திருத்த நீங்கள் யார் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு என் ரசனையைத்தான் பதிலாக வைக்க முடியும். சியில் இப்போது 31 ஜி.பி. காலி.